மரபணுவைச் சுடும் புகை

ஐம்பது ஆண்டுகளாகப் பரிசோதனைக் கூடங்கள் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகின்றன. புதுச்சேரியின் பெட்டிக்கடை வாசலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

நம் புதுச்சேரிப் பெட்டிக்கடைகளில் சிகரெட் வாங்க வருகிறவர்களில் பலர் பாக்கெட் கேட்பதில்லை. “அண்ணே, ஒரு ஃபில்டர்” என்றால் போதும். கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். அட்டையின் 85 சதவிகித இடத்தில் சட்டப்படி அச்சிட்டிருக்கும் புற்றுநோய்ப் படம் கடைக்குள்ளேயே தங்கிவிடும். வாங்கியவர் கைக்கு வருவது எந்த எச்சரிக்கையும் இல்லாத ஒற்றை சிகரெட்.

அதே கடை வாசலில் இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்கலாம். ஒன்று, “இது லைட்டுப்பா, ஒண்ணும் பண்ணாது.” இன்னொன்று, “எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு. அவருக்கு என்ன ஆச்சு?”

இரண்டையும் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால், இரண்டுக்கும் பரிசோதனைக் கூடத்தில் பதில் இருக்கிறது. சிகரெட் புகையைப் பிடித்து, வடிகட்டி, பாக்டீரியா மீதும் மனித செல்கள் மீதும் செலுத்தி, மரபணு எந்த அளவுக்குச் சிதைகிறது என்று எண்ணிப் பார்த்த பதில் அது. இரண்டாவது பேச்சுக்கான பதிலின் ஒரு பகுதி நம் கோரிமேட்டிலேயே, ஜிப்மரில் கிடைத்தது.

எந்திரம் இழுக்கும் புகை

சிகரெட்டைச் சோதிப்பதற்கு என்றே புகைக்கும் எந்திரங்கள் உண்டு. முதலில், சிகரெட்டுகளை 22 டிகிரி வெப்பமும் 60 சதவிகித ஈரப்பதமும் உள்ள அறையில் இரண்டு நாள் வைக்கிறார்கள். எல்லா சிகரெட்டும் ஒரே பதத்துக்கு வந்த பிறகு எந்திரத்தில் செருகிப் பற்றவைக்கிறார்கள். சர்வதேச ஐ.எஸ்.ஓ. முறைப்படி எந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடிக்கு, 35 மில்லி லிட்டர் புகையை இழுக்கும்.

இழுத்த புகை, கண்ணாடி இழையால் ஆன ஒரு வட்ட வடிகட்டியின் வழியே போகும். வைக்கும்போது வெள்ளை வெளேர் என்று இருக்கும் அந்த வட்டு, சில சிகரெட்டுகள் எரிந்து முடிவதற்குள் பழுப்பேறிப் பிசுபிசுத்துவிடும். அந்தப் பிசுபிசுப்புதான் நாம் ‘தார்’ என்று சொல்வது. அதை ஒரு கரைப்பானில் கரைத்து எடுத்தால் சோதனைக்கான சரக்கு தயார்.

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் விடை முழுமையாகாது. நுரையீரலுக்குள் அவை தனித்தனியாகப் போவதில்லை, ஒரே மூச்சில் கலவையாகப் போகின்றன. அதனால்தான் மொத்தப் புகையையும் உயிருள்ள செல்லின் மீது செலுத்திப் பார்க்கும் முறை வந்தது.

எலி முதுகிலிருந்து பாக்டீரியா தட்டுக்கு

1953-இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டரும் அவருடைய குழுவினரும் சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தொடர்ந்து தடவிவந்தார்கள். 44 சதவிகித எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. சிகரெட் நிறுவனங்கள் அதிர்ந்துபோயின. 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட அமெரிக்க நாளிதழ்களில் பெரிய விளம்பரம் கொடுத்தன. எலிச் சோதனைகள் எதையும் உறுதியாக நிரூபிக்கவில்லை, எங்கள் பொருளால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றே நம்புகிறோம் என்பது அதன் சாரம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்த அதே ஆண்டு அது.

எலிச் சோதனைக்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை இரண்டு நாளாகக் குறைத்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த புரூஸ் ஏம்ஸ். 1970-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய முறைதான் இன்றும் உலகம் முழுக்க ‘ஏம்ஸ் சோதனை’ என்ற பெயரில் நடக்கிறது.

சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு மரபணுவில் முன்கூட்டியே பழுது செய்துவைத்திருப்பார்கள். அந்தப் பழுதால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை அதனால் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. ஹிஸ்டிடின் பெயரளவுக்கு மட்டும் சேர்த்த பெட்ரித் தட்டில் அந்த பாக்டீரியாக்களைக் கோடிக்கணக்கில் பரப்பி, சிகரெட் தார்க் கரைசலைக் கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வைப்பார்கள். கரைசல் மரபணுவில் கை வைக்காத பொருள் என்றால், தட்டு ஏறக்குறைய காலியாகவே இருக்கும். மரபணுவை மாற்றும் பொருள் என்றால், அந்த மாற்றங்களில் சில பழைய பழுதைத் தற்செயலாகச் சரிசெய்துவிடும். அப்படி மாறிய ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் மரபணுச் சேதத்தின் அளவு தெரிந்துவிடும்.

1974-இல் ஏம்ஸ் குழு சிகரெட் தாரை இப்படிச் சோதித்தது. தட்டில் புள்ளிகள் பெருகின. தாரின் அளவைக் கூட்டக் கூட்டப் புள்ளிகளும் கூடின.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிகளையும் தட்டில் சேர்த்தபோதுதான் சேதம் தெளிவாகத் தெரிந்தது. புகையில் உள்ள பல ரசாயனங்கள் உடலுக்குள் நுழையும்போது மரபணுவைத் தாக்கும் வடிவத்தில் இருப்பதில்லை. அவற்றைக் கரைத்து வெளியேற்ற உடல் முயல்கிறது. அந்த முயற்சியின் நடுவழியில்தான் அவை மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் நஞ்சாக மாறுகின்றன.

1977-இல் அதே கூடம் ஒரு படி மேலே போனது. புகைப்பவர்களின் சிறுநீரை எடுத்துச் செறிவூட்டித் தட்டில் இட்டார்கள். அங்கும் புள்ளிகள் வளர்ந்தன. புகைக்காதவர்களின் சிறுநீரில் அந்த விளைவு தெரியவில்லை. வாயில் இழுத்த புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியே வரும்போதும் மரபணுவை மாற்றும் வலுவோடு இருக்கிறது. புகைப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு இது ஒரு முக்கியத் தடயம்.

கன்னத்துச் செல்லில் தெரியும் சேதம்

பாக்டீரியாவும் மனிதனும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் அடுத்த கட்டமாக, பாலூட்டிகளின் செல்களிலும் மனித செல்களிலும் சோதனைகள் நடக்கின்றன. அவற்றில் முக்கியமானது மைக்ரோநியூக்ளியஸ் சோதனை.

இதைப் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கூடச் செய்துவிட முடியும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நல்ல செல்லில் நடுவே ஒரே ஒரு உட்கரு, வட்டமாக, அடர்ந்த நிறத்தில் இருக்கும். குரோமோசோம் உடைந்த செல்லில் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கடுகு போல இன்னொரு சின்ன வட்டம் தனியே நிற்கும். செல் இரண்டாகப் பிரிந்தபோது, உடைந்த குரோமோசோம் துண்டு உட்கருவுக்குள் போய்ச் சேர முடியாமல் வெளியிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். ஒருவருக்கு ஆயிரம் செல்களையாவது பார்த்து, எத்தனை செல்லில் இப்படி இருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.

1980-களில் கனடா விஞ்ஞானி ஹான்ஸ் ஸ்டிச், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தோடு சேர்ந்து கேரளத்தில் புகையிலை சேர்த்து வெற்றிலை போடுபவர்களின் வாய்ச் செல்களை இப்படித்தான் ஆராய்ந்தார். வலி வருவதற்கும் கட்டி தெரிவதற்கும் வெகு முன்பே சேதத்தைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் இந்தச் சோதனையின் பெருமை.

இன்னொன்று ‘காமெட்’ சோதனை. 1988-இல் நரேந்திர சிங் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைச் செம்மைப்படுத்தினார்கள். ஒரு தனி செல்லை ஜெல்லில் பதித்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். டி.என்.ஏ. முழுசாக இருந்தால் இடத்தை விட்டு அசையாது. துண்டு துண்டாக உடைந்திருந்தால் துண்டுகள் நகர்ந்து பின்னால் வால் நீளும். வால் நீள நீள, சேதமும் அதிகம்.

பாக்டீரியா, வளர்த்த செல், வாயிலிருந்து எடுத்த செல் என்று எதில் சோதித்தாலும் பதில் மாறவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1986-இலேயே புகைபிடித்தல் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறுதியிட்டது. 2004-இல் அடுத்தவர் விடும் புகையையும் அதே பட்டியலில் சேர்த்தது.

‘லைட்’ என்பது எந்திரத்துக்கு மட்டும்

இப்போது முதல் பேச்சுக்கு வருவோம். ‘லைட்’ சிகரெட்டில் தார் குறைவு என்று எந்திரம் காட்டியது உண்மை. அது எப்படி என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அந்த சிகரெட்டுகளின் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. எந்திரம் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து புகையை நீர்க்கச் செய்கிறது. வடிகட்டியில் படியும் தார் குறைகிறது. மனிதர் பிடிக்கும்போது விரலோ உதடோ அந்தத் துளைகளை அடைத்துவிடும். போதாக்குறைக்கு, பழகிய உடலுக்கு நிகோடின் குறிப்பிட்ட அளவு வேண்டும். குறைந்தால் ஆழமாக இழுப்பார், அடிக்கடி இழுப்பார், கூட ஒன்று பற்றவைப்பார். எந்திரத்துக்கு ஏக்கம் கிடையாது. மனிதருக்கு உண்டு.

இதை உணர்ந்துதான் கனடா அரசு கடுமையான முறை ஒன்றைக் கொண்டுவந்தது. துளைகளை முழுக்க அடைத்துவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை 55 மில்லி லிட்டர் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் ‘லைட்’ சிகரெட்டின் தார் அளவு எகிறிவிடுகிறது. கனடாவில் சிகரெட் நிறுவனங்கள் தங்கள் புகையை ஏம்ஸ் சோதனைக்கும் மைக்ரோநியூக்ளியஸ் சோதனைக்கும் உட்படுத்தி அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்ற விதியும் உண்டு.

நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் 1971-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இன்பிஃபோ என்ற ஆய்வுக்கூடத்தை வாங்கியது. 1980-களில் அங்கே, சிகரெட்டின் எரியும் நுனியிலிருந்து காற்றில் கலக்கும் புகையைச் சோதித்தார்கள். புகைப்பவர் உள்ளிழுக்கும் புகையைவிட, கிராமுக்குக் கிராம், அது பல மடங்கு நச்சு மிகுந்தது என்பது அந்தச் சோதனைகளில் தெரிந்தது. அந்த முடிவுகளைப் பொதுமக்கள் அறியச் சொல்லவில்லை. அமெரிக்க வழக்குகளால் நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகு, 2005-இல் சூசன் ஷிக், ஸ்டேன்டன் கிளான்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் அவற்றைத் தோண்டி எடுத்து எழுதினார்கள். 2006-இல் வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், ‘லைட்’ உள்ளிட்ட விஷயங்களில் நிறுவனங்கள் பல்லாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார்.

வீட்டுக்குள் புகைக்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை சுவாசிப்பது பெரும்பாலும் அந்த எரியும் நுனியின் புகையைத்தான். அந்தக் குழந்தைக்கு ஃபில்டரும் இல்லை.

சேதத்துக்கு ஒரு கணக்கு

புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற ரசாயனம், உடலுக்குள் மாற்றம் அடைந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கே ஒட்டுகிறது? 1996-இல் கலிஃபோர்னியாவில் மிக்கைல் டெனிசென்கோ, கெர்ட் ஃபைஃபர் குழு இதற்கு விடை கண்டது. பி53 என்ற மரபணு, செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் காவல் மரபணு. நுரையீரல் புற்றுநோயாளிகளின் பி53-இல் எந்தெந்த இடங்களில் அதிகமாகப் பழுது காணப்படுகிறதோ, மிகச் சரியாக அதே இடங்களில்தான் அந்த ரசாயனம் ஒட்டுகிறது. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் புள்ளிவிவரம்தான் என்ற வாதம் அத்தோடு செத்தது.

2016-இல் லட்மில் அலெக்சாண்ட்ரோவும் சக ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கான புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுத் தொகுதியைப் படித்து ஒரு கணக்கு சொன்னார்கள். நாளுக்கு 20 சிகரெட் வீதம் ஓர் ஆண்டு புகைத்தால், நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. குரல்வளையில் 97, தொண்டையில் 39, வாயில் 23, சிறுநீர்ப்பையில் 18, கல்லீரலில் 6.

இருபது வயதில் தொடங்கி நாற்பது வயது வரை அதே கணக்கில் புகைத்தால், நுரையீரலின் ஒரு செல்லுக்கு 3,000 மாற்றங்கள். எல்லா மாற்றமும் புற்றுநோய் ஆவதில்லை. ஆனால், காவல் மரபணுக்களில் பொருத்தமான சில மாற்றங்கள் விழுந்தால் போதும். ஒவ்வொரு சிகரெட்டும் அதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

தாத்தாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இரண்டாவது பேச்சுக்கான பதிலைத் தேடி கோரிமேட்டுக்குப் போக வேண்டும்.

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964-இல் ஜிப்மர் ஆனது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்றுவட்டார மக்களுக்கெல்லாம் கடைசி நம்பிக்கை அந்த மருத்துவமனைதான். அங்கே வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு வருகிறவர்களில் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஏராளம்.

ஜிப்மரின் மருந்தியல் துறையில் பேராசிரியர் ஆதித்தனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஜி.எஸ்.டி. என்ற நொதிகளுக்கான மரபணுக்களை. புகையின் நச்சு டி.என்.ஏ.வைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுவதுதான் இந்த நொதிகளின் வேலை. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில மரபணுக்கள் சிலருக்குப் பிறப்பிலேயே முழுசாக இல்லை. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜி.எஸ்.டி.எம்1 மரபணு இல்லை. நம்மவர்களிடம் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் கணிசமானவர்களுக்கு இல்லை.

2007-இல் ஜிப்மர் குழு தன் முடிவுகளை வெளியிட்டது. அந்த மரபணு இல்லாதவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடியிருந்தது. இரண்டு மரபணுக்கள் இல்லாதவர்களுக்கு இன்னும் கூடியிருந்தது. அதோடு புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

தாத்தா தப்பித்ததற்கு ஒரு விளக்கம் இங்கே கிடைக்கிறது. நச்சை முறிக்கும் நொதிகள் அவருக்கு நன்றாக வாய்த்திருக்கலாம். அந்த வாய்ப்பு பேரனுக்கும் வந்திருக்கிறதா என்பது அவன் முகத்தைப் பார்த்துத் தெரியாது. தாத்தா, பாட்டி, அம்மா வழி என்று எல்லோரிடமிருந்தும் கலந்து வருவது மரபணு. தாத்தாவின் ஆயுளைப் பேரனின் சிகரெட்டுக்கு ஜாமீனாக வைக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. என் மரபணுவைச் சோதித்து, நொதி இருந்தால் நிம்மதியாகப் புகைக்கலாமே என்று யாராவது நினைத்தால், அது பெரிய ஏமாற்றத்தில் முடியும். நொதி நன்றாக உள்ளவர்களுக்கும் ஆபத்து உண்டு, அளவுதான் வேறு. தவிர, புகை கொல்வது புற்றுநோயால் மட்டும் அல்ல. 2003-இல் சென்னையின் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் சென்னையிலும் பக்கத்து விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் மரணக் காரணங்களை ஆராய்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். மாரடைப்பு வேறு. இவற்றுக்கு ஜி.எஸ்.டி. நொதி காவல் நிற்காது.

பீடி சுற்றும் கைகளும்

சிகரெட்டைப் பற்றி மட்டும் பேசினால் நம் ஊர்க் கதை பாதிதான். உழைக்கும் மக்களின் கையில் இருப்பது பீடி. புகையிலை குறைவு, ‘இயற்கையான’ இலையில் சுற்றியது என்று பீடிக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. மும்பையின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமதி பிடே உள்ளிட்டவர்கள் பீடிப் புகையை எந்திரத்தில் இழுத்துப் பார்த்தபோது அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பீடி இலை காகிதம் போலத் தானாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் குறைந்த புகையிலையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சற்றும் குறையாமல் நுரையீரலுக்குள் போகின்றன.

அதே நிறுவனத்தில் ரஜனி பிசே 1990-களில் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். பீடி சுற்றுபவர்கள், பீடிப் புகையிலையைப் பதப்படுத்துபவர்கள் ஆகியோரின் சிறுநீரையும் ரத்தத்தையும் அவருடைய குழு சோதித்தது. புகையிலைத் தூசியை நாள் முழுக்கச் சுவாசித்து, கையால் அளைந்து வேலை செய்வதாலேயே அவர்களுடைய குரோமோசோம்களில் சேதம் கூடியிருந்தது. பற்றவைக்காமலே சேதம். வேலூரிலும் நெல்லைச் சீமையிலும் முறம் மடியில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றும் பெண்கள் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பீடியை ஏழையின் இன்பம் என்று வாதிடுகிறவர்கள், அதைச் சுற்றும் ஏழைப் பெண்ணின் மரபணுவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நிறுத்தினால் திரும்புமா?

இவ்வளவையும் படித்துவிட்டு, “இருபது வருஷம் ஆச்சு, இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது?” என்று சோர்ந்துபோகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 2020-இல் வந்த ஒரு செய்தி மிக முக்கியமானது.

பிரிட்டனில் கெனிச்சி யோஷிடா, பீட்டர் கேம்ப்பெல் குழு, 16 பேரின் மூச்சுக்குழல் உட்பூச்சிலிருந்து தனித்தனி செல்களை எடுத்து மரபணுவைப் படித்தது. புகைப்பவர்களின் செல்களில் எதிர்பார்த்தபடியே ஆயிரக்கணக்கான மாற்றங்கள். ஆனால், புகைப்பதை நிறுத்தியவர்களிடம் ஆய்வாளர்களே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. புகைக்கவே புகைக்காதவரின் செல்லைப் போன்ற ஆரோக்கியமான செல்கள், இப்போதும் புகைப்பவர்களிடம் இருப்பதைவிட அவர்களிடம் நான்கு மடங்கு அதிகமாக இருந்தன. பல பத்தாண்டுகள் புகைத்தவர்களிடமும் இது தெரிந்தது. சேதம் அடையாமல் எங்கோ தப்பியிருந்த செல்கள், புகை நின்றதும் பெருகி, சேதம் அடைந்த செல்களின் இடத்தைப் பிடிக்கத் தொடங்குகின்றன.

ரிச்சர்ட் டாலும் பீட்டோவும் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் சொன்ன கணக்கும் இதோடு பொருந்துகிறது. 60 வயதில் நிறுத்தினால் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுள் கூடும். 50-இல் நிறுத்தினால் 6, 40-இல் 9, 30-இல் 10. எந்த வயதும் தாமதம் அல்ல.

அரசு செய்ய வேண்டியது

மத்திய அரசு நொய்டா, மும்பை, குவாஹாட்டி ஆகிய இடங்களில் தேசியப் புகையிலைப் பரிசோதனைக் கூடங்களை அமைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-லேயே ஏற்றுக்கொண்டது. புகையிலைப் பொருளின் உள்ளடக்கத்தையும் புகையையும் சோதிப்பதும், முடிவுகளை மக்களுக்குச் சொல்வதும் அந்த உடன்படிக்கையில் உள்ள கடமைகள்.

அந்தக் கடமையை எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். பாக்கெட்டில் ‘தார் இத்தனை மில்லி கிராம்’ என்று எண்ணை அச்சிட்டால், குறைந்த எண் உள்ளது நல்ல சிகரெட் என்று மக்கள் நம்பிவிடுவார்கள். ‘லைட்’ பொய் வேறு வேடத்தில் திரும்பி வரும். அந்த எண்கள் பாக்கெட்டில் வேண்டாம் என்றே உடன்படிக்கையின் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. நமக்கு வேண்டியது வேறு. சிகரெட்டையும் பீடியையும் கடுமையான முறையில் புகைத்து, மரபணுச் சேதச் சோதனைகள் செய்து, முடிவைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எந்தப் பிராண்டு தேவலை என்று தேர்ந்தெடுப்பதற்காக அல்ல, எதுவுமே தேவலை இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

புதுச்சேரியில் 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 11.2 சதவிகிதத்தினர் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அகில இந்திய அளவு 28.6 சதவிகிதம். குறைவாக இருப்பது நமக்குப் பெருமைதான். குறைவாக இருக்கும் இடத்தில் இல்லாமலே ஆக்குவதும் எளிது. ஒற்றை சிகரெட் விற்பனைக்குக் கர்நாடகம் 2017-இலும் மகாராஷ்டிரம் 2020-இலும் தடை விதித்தன. புதுச்சேரிக் கடைகளிலும் ஒற்றை விற்பனை நிற்க வேண்டும். எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பாக்கெட்டாக வாங்கக் காசில்லாத பள்ளி மாணவன் கைக்கு சிகரெட் போய்ச் சேராமலும் இருக்கும்.

புகைக்கும் வாசகர்களே, நீங்கள் பலவீனமானவர்கள் அல்ல. நிகோடின் மூளையைப் பிடித்துவைக்கும் பொருள். அதை விட உதவி தேவைப்படுவது இயல்பு. 1800-11-2356 என்பது மத்திய அரசின் இலவச உதவி எண். சிகரெட் பாக்கெட்டிலும் அச்சிட்டிருக்கிறார்கள், ஒற்றையாக வாங்குபவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே மறுபடி தருகிறோம். கூப்பிடுங்கள். மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு முறை தோற்றால் மறுபடி முயலுங்கள். நீங்கள் நிறுத்தும் நாளிலிருந்து உங்கள் செல்களில் புகையின் புதிய சேதம் சேர்வது நிற்கிறது.